விலா எலும்பில் ஒரு புள்ளி: பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனை எப்படிப் புரிந்துகொள்வது

புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சையில் புராஸ்டேட் சுரப்பியை (ஆண்களுக்குச் சிறுநீர்ப் பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) எடுத்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். வழக்கமாகப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ கொஞ்சம் ஏறியிருக்கும். டாக்டர் பெட் ஸ்கேன் எழுதித் தருவார். ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் 'வலது ஆறாவது விலா எலும்பில் மிதமான ஏற்பு. பரவல் என்பதை மறுக்க இயலவில்லை. மற்ற விவரங்களோடு பொருத்திப் பார்க்கவும்' என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அன்று சாயங்காலத்துக்குள் சொந்தபந்தம் எல்லோருக்கும் 'எலும்புக்குப் பரவிடுச்சாம்' என்று போன் போய்விடும்.

அந்த வரி அப்படிச் சொல்லவே இல்லை. 'இங்கே மருந்து கொஞ்சம் தங்கியிருக்கிறது, ஏன் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை' என்பதுதான் அதன் பொருள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் சாதாரணமானதல்ல. சிலருக்குச் சிகிச்சையே அதில் மாறிப்போகும். பிஎஸ்எம்ஏ பெட் என்ற இந்த ஸ்கேன் எதைப் பார்க்கிறது, எங்கே ஏமாற்றும் என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் பிஎஸ்ஏ

பிஎஸ்ஏ என்பது புராஸ்டேட் செல்கள் உண்டாக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் இரத்தத்தில் கசியும். நல்ல செல்லும் இதை உண்டாக்கும், புற்றுநோய்ச் செல்லும் உண்டாக்கும். சுரப்பியையே முழுவதும் எடுத்துவிட்டால், சில வாரங்களில் இரத்தத்தில் பிஎஸ்ஏ கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பிறகு மறுபடி ஏறினால் எங்கோ புராஸ்டேட் செல்கள் மிச்சம் இருக்கின்றன என்று அர்த்தம். மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராம், அதுவும் இரண்டு தடவை பார்த்து உறுதியானால், நோய் திரும்பியதாகக் கணக்கில் எடுப்பது வழக்கம்.

சுரப்பியை எடுக்காமல் ரேடியேஷன் மட்டும் கொடுத்தவர்களுக்குக் கணக்கு வேறு. சுரப்பி உள்ளேயே இருப்பதால் பிஎஸ்ஏ பூஜ்யத்துக்கு வராது. சிகிச்சைக்குப் பிறகு எந்த எண் மிகக் குறைவாக வந்ததோ, அதற்கு மேல் 2 நானோகிராம் ஏறினால்தான் திரும்பியதாகக் கொள்வார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ரேடியேஷன் முடிந்து ஒன்றிரண்டு வருஷத்தில் பிஎஸ்ஏ தானாகக் கொஞ்சம் ஏறி, தானாகவே இறங்கும். நோய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே கதிரியக்க விதைகள் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களிடம் இது அதிகம். ஆக, ஸ்கேன் அறைக்குப் போகும் முன்பே ஏமாற ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பிஎஸ்ஏ 'இருக்கிறது' என்று மட்டும் சொல்லும். எங்கே என்று சொல்லாது. அதற்குத்தான் ஸ்கேன்.

ஸ்கேன் எதைத் தேடுகிறது?

பெரிய கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் சட்டம் வைத்திருப்பார்கள். ஆயுதத்தோடு யாரும் போய்விடக் கூடாது என்பது நோக்கம். ஆனால் அந்தச் சட்டத்துக்கு ஆயுதம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது உலோகம் மட்டும். சாவிக்கொத்துக்கும் கத்தும், வெள்ளி அரைஞாணுக்கும் கத்தும், எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்கும் கத்தும். பிளாஸ்டிக்கில் செய்த கத்தியோடு ஒருவன் போனால் சும்மா இருக்கும். சத்தம் கேட்டதும் எழுந்து வந்து பையைத் திறந்து பார்க்கிற போலீஸ்காரர்தான் அது ஆயுதமா இல்லையா என்று சொல்ல முடியும்.

இந்த ஸ்கேனும் அப்படித்தான். அதற்குப் புற்றுநோய் தெரியாது. அதற்குத் தெரிந்தது பிஎஸ்எம்ஏ என்ற ஒரு புரதம் மட்டும். இது பிஎஸ்ஏ அல்ல; பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். பிஎஸ்ஏ இரத்தத்தில் கசியும் புரதம். பிஎஸ்எம்ஏ செல்லின் மேல்சவ்வில் பதிந்து நிற்கும் புரதம். புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களின் மேல் இது சாதாரணச் செல்களில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளக்கூடிய சின்ன மூலக்கூறு ஒன்றைச் செய்து, அதன் வாலில் கதிரியக்கம் உள்ள ஓர் அணுவைக் கட்டி, கையின் இரத்தக் குழாயில் ஊசியாகப் போடுகிறார்கள். இந்தக் கலவைக்கு டிரேசர் என்று பெயர். கட்டப்படும் அணு பெரும்பாலும் கேலியம்-68 அல்லது ஃப்ளூரின்-18. முதலாவதன் கதிரியக்கம் 68 நிமிடத்தில் பாதியாகக் குறையும், இரண்டாவதன் கதிரியக்கம் 110 நிமிடத்தில்.

ஊசி போட்டுச் சுமார் ஒரு மணி நேரம் உட்கார வைப்பார்கள். டிரேசர் உடம்பு முழுக்கச் சுற்றி, பிஎஸ்எம்ஏ இருக்கும் இடங்களில் ஒட்டிக்கொள்ளும், மிச்சம் வெளியேறும். ஒட்டிய அணு சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகள் வெளிவந்து, பக்கத்தில் இருக்கும் எலக்ட்ரானோடு மோதி இரண்டும் அழியும். அந்த இடத்திலிருந்து இரண்டு கதிர்கள் நேர் எதிர்த் திசைகளில் பாயும். உங்களைச் சுற்றியிருக்கும் வளையம் அந்த ஜோடிக் கதிர்களைப் பிடித்து, அவை எந்தக் கோட்டில் பிறந்தன என்று கணக்குப் போடும். இது பெட். கூடவே சிடி ஸ்கேனும் எடுத்து இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பார்கள். பெட் 'இங்கே ஏதோ ஒட்டியிருக்கிறது' என்று காட்டும். சிடி 'அந்த இடத்தில் இருப்பது எலும்பு, அதன் வடிவம் இது' என்று காட்டும்.

சுருக்கமாக: படத்தில் தெரியும் புள்ளி, டிரேசர் அங்கே இருக்கிறது என்பதற்கு மட்டும் சாட்சி. ஏன் இருக்கிறது என்பது தனிக் கேள்வி.

நோயே இல்லாதவர் படத்திலும் இவ்வளவு புள்ளியா?

ரிப்போர்ட்டோடு வரும் ஃபிலிமில் முழு உடம்பும் ஒரே படமாக, வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்களுக்கு அடிவயிறு கலங்கும். கண்களுக்கு மேலே வெளிப்பக்கமாக இரண்டு புள்ளிகள், காதோரம் இரண்டு பெரிய திட்டு, தாடைக்குக் கீழே இன்னும் இரண்டு. நெஞ்சுக்குக் கீழே கல்லீரலும் மண்ணீரலும் சாம்பல் நிறத்தில். இரண்டு சிறுநீரகமும் கன்னங்கரேலென்று. அவற்றுக்கு நடுவில் வளைந்து நெளிந்து சிறுகுடலின் தொடக்கம். கீழே சிறுநீர்ப் பை.

இவை எதுவுமே நோய் இல்லை. கண்ணீர்ச் சுரப்பிகள், உமிழ்நீர்ச் சுரப்பிகள் எல்லாம் இந்த டிரேசரை இயல்பாகவே வாங்கிக்கொள்பவை. சிறுகுடலில் தெரிவதற்கு நல்ல காரணமே இருக்கிறது. நாம் சாப்பிடும் கீரை, பருப்பில் உள்ள ஃபோலேட் சத்தை உடம்பு உறிஞ்சத் தகுந்த வடிவத்துக்கு வெட்டித் தருகிற நொதி அங்கே வேலை செய்கிறது. அந்த நொதியும் பிஎஸ்எம்ஏவும் ஒன்றேதான். 1980களில் புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களில் முதலில் அகப்பட்டதால் புராஸ்டேட்டின் பெயரை வைத்துவிட்டார்கள். உடம்பில் வேறு பல இடங்களிலும் அது வேலை பார்ப்பது பிறகுதான் தெரியவந்தது.

இயல்பாகத் தெரியும் இந்த இடங்களை டாக்டர்கள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். அவற்றில் யாரும் தவறுவதில்லை. தவறு நடப்பது இந்தப் பட்டியலுக்கு வெளியே, சின்னச் சின்ன இடங்களில்.

ஏமாற்றும் இடங்கள்

எளிதானதிலிருந்து தொடங்கலாம். கேலியம் கட்டிய டிரேசர் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் குழாயில் ஒரு சொட்டு தங்கி நின்றால் படத்தில் உருண்டையாக ஒரு புள்ளி விழும். அந்தக் குழாய் போகும் வழியில்தான் இடுப்புப் பகுதியின் நிணநீர்க் கணுக்களும் இருக்கின்றன. அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டினால் கைக்குத் தட்டுப்படுமே, அதே கணுக்கள்தான். புராஸ்டேட் புற்றுநோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் இடங்களில் அவையும் ஒன்று. சொட்டா, கணுவா? சிடியில் குழாயைப் பின்தொடர்ந்து பார்ப்பார்கள். நீர் பிரிய ஃபுரோசிமைட் ஊசி போட்டு, கொஞ்சம் கழித்து அந்த இடத்தை மட்டும் மறுபடி எடுப்பதும் உண்டு. சொட்டு என்றால் நகர்ந்திருக்கும். ஸ்கேனுக்கு முன் 'போய் யூரின் போயிட்டு வாங்க' என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான்.

அடுத்தது நரம்பு முடிச்சுகள். நரம்புகள் கூடிப் பிரியும் சின்னச் சந்திப்புகள் கழுத்திலும், மேல்வயிற்றில் பெருந்தமனியின் இரு பக்கத்திலும், இடுப்பின் பின்புறத்திலும் உண்டு. பிஎஸ்எம்ஏ நொதிக்கு நரம்பிலும் ஒரு வேலை இருப்பதால் இவை லேசாகத் தெரியும். மேல்வயிற்றில் இருப்பவை பெரும்பாலானவர்களின் படத்தில் தெரிகின்றன. இந்த ஸ்கேன் வந்த புதிதில் இவற்றை நிணநீர்க் கணு என்று எழுதிவிடும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. இப்போது அனுபவமுள்ள கண்கள் வடிவத்தை வைத்தே பிரித்துவிடுகின்றன. கணு உருண்டையாகவோ அவரை விதை போலவோ இருக்கும். நரம்பு முடிச்சு மெல்லிய பட்டையாகவோ கண்ணீர்த் துளி வடிவிலோ இருக்கும்.

இனி எலும்பு. அதிகக் குழப்பம் இங்கேதான், அதிலும் விலா எலும்பில்.

எலும்பு உயிருள்ள திசு. அடிபட்டால் ஆறும், தேய்ந்தால் சரிசெய்துகொள்ளும். ஆறும் இடத்தில் புது இரத்தக் குழாய்கள் முளைக்கும். அப்படி முளைக்கும் குழாய்களிலும் பிஎஸ்எம்ஏ தென்படும். போன வருஷம் பைக்கிலிருந்து விழுந்தபோது விலாவில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், வெறும் வலி என்று தைலம் தேய்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஸ்கேன் மறக்காது. எலும்புக்குள் இருக்கும் சின்ன இரத்தக் குழாய்க் கட்டி, நார்த்திசு வளர்ச்சி, பேஜெட் நோய் எனப்படும் எலும்பு மாற்றம் இவையும் ஒளிரும். இவை எல்லாவற்றையும் தள்ளிவிட்ட பிறகும், சிடியில் எந்த மாற்றமும் இல்லாத, காரணமே சொல்ல முடியாத புள்ளிகள் மிஞ்சும்.

எந்த டிரேசர் போட்டார்கள் என்பதும் இங்கே முக்கியம். ஃப்ளூரின்-18 சேர்த்த பிஎஸ்எம்ஏ-1007 என்று ஒன்று இருக்கிறது. இது சிறுநீரில் அதிகம் வராது, கல்லீரல் வழியாகத்தான் போகும். அதனால் சிறுநீர்ப் பைக்குப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் நோயைப் பார்ப்பதற்கு இது வசதி. ஆனால் எலும்பில் காரணமில்லாத புள்ளிகளை இது மற்ற டிரேசர்களைவிட அதிகமாகக் காட்டுகிறது. விலாவிலும் இடுப்பெலும்பிலும்தான் அதிகம். ஒரு பக்கம் கிடைக்கும் வசதிக்கு மறுபக்கம் கொடுக்கும் விலை இது. ரிப்போர்ட்டின் முதல் பத்தியிலேயே டிரேசரின் பெயர் இருக்கும். படிக்காமல் தாண்டிவிடுகிற பத்தி அதுதான். எனக்கு ரிப்போர்ட்டைக் காட்டுபவர்களிடம் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்வேன்.

விலாவில் ஒரே ஒரு புள்ளி, லேசான ஏற்பு, சிடியில் ஒன்றும் இல்லை, உடம்பில் வேறெங்கும் பரவல் இல்லை. இந்த நான்கும் சேர்ந்தால், அது புற்றுநோய் அல்ல என்று முடிவதே அதிகம். நேர்மாறாக, முதுகெலும்பில் மூன்று நான்கு இடத்தில் பளிச்சென்று ஏற்பு, அதே இடங்களில் சிடியில் எலும்பு இறுகி வெளுத்துத் தெரிகிறது என்றால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

எலும்புக்கு வெளியே, நம் ஊருக்கென்று ஒரு காரணம் இருக்கிறது: காசநோய். காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுக்கள், குறிப்பாக நெஞ்சுக் கூட்டுக்குள் இருப்பவை, இந்த டிரேசரை வாங்கிக்கொள்ளும். சார்கோய்டோசிஸ் என்ற அழற்சி நோயிலும் அப்படித்தான். காசநோய் பரவலாக உள்ள இந்தியாவில், வயிறும் இடுப்பும் சுத்தமாக இருந்து நெஞ்சில் மட்டும் கணுக்கள் ஒளிர்ந்தால் டாக்டருக்கு முதலில் அந்த நினைவு வரவேண்டும். சிறு வயதில் காசநோய்க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். 'அது நாற்பது வருஷத்துக்கு முன்னாடி' என்று விட்டுவிட வேண்டாம்.

தைராய்டில், சிறுநீரகத்தில், நுரையீரலில் வேறு வகைக் கட்டி இருந்தாலும், அதன் புது இரத்தக் குழாய்களில் பிஎஸ்எம்ஏ இருப்பதால் தெரியலாம். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. உண்மையிலேயே ஏதோ இருக்கிறது, ஆனால் புராஸ்டேட் நோய் திரும்பியது அல்ல.

இதுவரை பார்த்தது: சிறுநீர்ச் சொட்டு, நரம்பு முடிச்சு, ஆறும் எலும்பு, பழைய தொற்று, வேறு கட்டி. எல்லாவற்றிலும் பிஎஸ்எம்ஏ அல்லது டிரேசர் உண்மையாகவே இருக்கிறது. மெஷின் தவறு செய்யவில்லை. அதைப் புராஸ்டேட் புற்றுநோய் என்று படிப்பதில்தான் தவறு.

எஸ்யூவி எண்ணைப் பார்த்துப் பயப்படலாமா?

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் எஸ்யூவி என்று ஓர் எண் இருக்கும். ஊசியில் போட்ட டிரேசர் உடம்பு முழுக்கச் சமமாகப் பரவியிருந்தால் கிடைக்கும் அளவைப் போல அந்த இடத்தில் எத்தனை மடங்கு இருக்கிறது என்பதுதான் அது. எண் கூடக் கூடச் சந்தேகம் கூடும் என்பது ஓரளவு சரி. ஆனால் 'இதற்கு மேல் புற்றுநோய், இதற்குக் கீழ் இல்லை' என்று ஒரு கோடு கிடையாது. ஒன்றுமில்லாத உமிழ்நீர்ச் சுரப்பியின் எண் பரவிய கட்டியின் எண்ணைத் தாண்டுவது சாதாரணம். ஒரு சென்டரில் எடுத்த எண்ணை வேறு மெஷினில், வேறு டிரேசரில் எடுத்த எண்ணோடு ஒப்பிடுவதும் சரிவராது.

பழைய எலும்பு ஸ்கேன்

பிஎஸ்எம்ஏ வருவதற்கு முன் எல்லோருக்கும் எடுத்தது எலும்பு ஸ்கேன், மக்கள் வாயில் போன் ஸ்கேன். இன்றும் பல ஊர்களில் அதுதான் கிடைக்கும், செலவும் குறைவு. டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்க அணுவை, எலும்பில் போய்ச் சேரும் பாஸ்பேட் வகைப் பொருளோடு கட்டிப் போடுவார்கள். அது புற்றுநோயைத் தேடவில்லை, பிஎஸ்எம்ஏவைக்கூடத் தேடவில்லை. எங்கே புது எலும்பு கட்டப்படுகிறதோ அங்கே போய் உட்காரும். மூட்டுத் தேய்மானம், பழைய முறிவு, முதுகெலும்பின் ஓரத்தில் வளரும் முள் எல்லாமே தெரியும். அறுபது எழுபது வயதுக்காரருக்கு ஒன்றுமே தெரியாத எலும்பு ஸ்கேன் வந்தால்தான் ஆச்சரியம்.

இதில் ஒரு விநோதமும் இருக்கிறது. எலும்புக்கு உண்மையாகவே பரவிய ஒருவருக்கு, ஆண் ஹார்மோனை அடக்கும் ஹார்மோன் சிகிச்சை தொடங்கி அது நன்றாக வேலை செய்தால், கெட்டுப்போன எலும்பு ஆறத் தொடங்கும். ஆறும்போது புது எலும்பு கட்டப்படும். அப்போது ஸ்கேன் எடுத்தால் முன்பைவிட அதிகப் புள்ளி தெரியும்! பிஎஸ்ஏ இறங்குகிறது, வலி குறைகிறது, படம் மட்டும் மோசமாகத் தெரிகிறது. இதற்கு ஃப்ளேர் என்று பெயர். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் எடுத்த எலும்பு ஸ்கேனை மட்டும் வைத்து 'மருந்து கேட்கவில்லை' என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஒரே புள்ளி, இரண்டு ஆட்கள்

பலரும் தவறவிடும் விஷயம் இது. ஒரு புள்ளியின் அர்த்தம் படத்தில் மட்டும் இல்லை. யாருக்கு எடுத்தோம் என்பதிலும் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை. பிஎஸ்ஏ 0.3 உள்ள 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 5 பேருக்குத்தான் உண்மையாக எலும்பில் நோய் இருக்கிறது. ஸ்கேன் அதில் 4 பேரைப் பிடிக்கிறது. மீதி 95 பேரில் 15 பேருக்கு எலும்பில் பொய்ப் புள்ளி தெரிகிறது. ஆக 19 பேருக்குப் புள்ளி, அதில் நிஜம் 4. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான் சரி.

இன்னொரு 100 பேர். பிஎஸ்ஏ 20-ஐத் தாண்டிவிட்டது, முதுகு வலி இருக்கிறது. 60 பேருக்கு உண்மையாகவே எலும்பில் நோய், ஸ்கேன் 55 பேரைப் பிடிக்கிறது. மீதி 40 பேரில் 6 பேருக்குப் பொய்ப் புள்ளி. மொத்தம் 61 பேருக்குப் புள்ளி, 55 நிஜம். பத்தில் ஒன்பது சரி.

மெஷின் அதே, டிரேசர் அதே, படிக்கிற டாக்டரும் அதே ஆள். மாறியது ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்கள். அதனால்தான் 'எங்க மாமாவுக்கும் இதே மாதிரி வந்துச்சு, நிஜமாவே பரவியிருந்துச்சு' என்ற ஒப்பீடு உதவாது. மாமாவின் பிஎஸ்ஏ என்னவாக இருந்தது, எத்தனை மாதத்தில் இரட்டித்தது, அறுவையின்போது கட்டியின் தரம் என்ன என்று தெரியாமல் இரண்டையும் பக்கத்தில் வைக்க முடியாது.

இவ்வளவு படித்தபின் இந்த ஸ்கேனே வேஸ்ட் என்று தோன்றினால் அதுவும் தப்பு. கலிஃபோர்னியாவின் இரண்டு பல்கலைக்கழகங்கள், யுசிஎல்ஏவும் யுசிஎஸ்எஃப்பும், நோய் திரும்பியதாகச் சந்தேகிக்கப்பட்ட 635 பேரிடம் கேலியம் டிரேசரைச் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டன. ஸ்கேன் காட்டிய இடத்தில் திசு எடுத்துப் பார்த்தவர்களில் 84 சதவீதத்தினருக்கு அது புற்றுநோய்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 டிசம்பரில் இந்த இரு பல்கலைக்கழகங்களுக்குத்தான் முதலில் அனுமதி தந்தது. பழைய ஸ்கேன்களோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். மீதி 16 சதவீதத்தில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் நம் கவலை.

தவறாகப் படித்தால் என்ன நடக்கும்?

அறுவைக்குப் பிறகு பிஎஸ்ஏ லேசாக ஏறும் பலருக்கு, நோய் சுரப்பி இருந்த குழியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டுமே மிச்சம் இருக்கும். அங்கே ரேடியேஷன் கொடுத்தால் பலருக்கு நோயை முழுதாக ஒழிக்கவே வாய்ப்பு உண்டு. சீக்கிரம் கொடுக்கக் கொடுக்கப் பலன் அதிகம், பிஎஸ்ஏ 0.5-ஐத் தாண்டும் முன் தொடங்குவது நல்லது என்பது பொதுவான வழிகாட்டல்.

இந்த நேரத்தில் விலாவில் ஒரு பொய்ப் புள்ளி வந்து, 'பரவிவிட்டது, இனி குழிக்கு ரேடியேஷன் கொடுத்துப் பயனில்லை' என்று முடிவெடுத்தால்? குணமாகக்கூடிய ஒருவர் காலமெல்லாம் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்குப் போய்விடுவார். ஹார்மோன் சிகிச்சை சாதாரண விஷயமில்லை. உடம்பு தகதகவென்று எரியும், தசை குறையும், எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், மனசு சோர்ந்துபோகும். தேவைப்பட்டால் இதையெல்லாம் தாங்கித்தான் ஆகவேண்டும். தேவையில்லாமல் தாங்க வேண்டியதில்லை. வீணாக விலாவுக்கு ரேடியேஷன் கொடுப்பது இதற்கு அடுத்த நஷ்டம்தான். முதல் நஷ்டம், குணமாகும் வாய்ப்பு கைநழுவுவது.

படம் சுத்தமாக இருந்தால்?

எதிர்ப்பக்க ஏமாற்றமும் உண்டு. சத்தம் போடாத பிளாஸ்டிக் கத்தி போல, புராஸ்டேட் புற்றுநோய்களில் சிறு பங்கு பிஎஸ்எம்ஏவை அதிகம் உண்டாக்குவதே இல்லை. அவை இந்த ஸ்கேனில் தெரியாது. தெரியக்கூடிய வகையும் நான்கைந்து மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அகப்படுவது சிரமம். சிறுநீர்ப் பையின் பளிச்சொளிக்குப் பக்கத்தில் இருந்தால் அதில் கரைந்துவிடும்.

அதே 635 பேர் ஆய்வில் பிஎஸ்ஏ 0.5-க்குக் கீழ் இருந்தவர்களில் 38 சதவீதத்தினரிடம்தான் ஸ்கேன் எதையாவது காட்டியது. பிஎஸ்ஏ 5-ம் அதற்கு மேலும் உள்ளவர்களிடம் 97 சதவீதம். ஆக, பிஎஸ்ஏ 0.3-ல் எடுத்த ஸ்கேன் சுத்தமாக வந்தால் 'நோய் இல்லை' என்று ஆகாது. 'தெரியும் அளவுக்கு இல்லை' என்றுதான் ஆகும். 'ஏதாவது தெரியட்டும், அப்புறம் ரேடியேஷன் பார்த்துக்கலாம்' என்று பிஎஸ்ஏவை ஏறவிட்டுக் காத்திருப்பது கேட்க நியாயமாகத் தோன்றும். ரேடியேஷன் தேவை என்று மற்ற விவரங்கள் சொல்லும்போது, வெறும் ஸ்கேனைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம் என்றுதான் ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டல்கள் சொல்கின்றன.

சந்தேகப் புள்ளியை என்ன செய்வது?

ரிப்போர்ட் எழுதும் நியூக்ளியர் மெடிசின் டாக்டர்களுக்கே இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் எவ்வளவு சந்தேகம் என்று படிநிலை கொடுக்கும் முறைகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று பிஎஸ்எம்ஏ-ராட்ஸ். அதில் 1 என்றால் கவலையில்லை, 5 என்றால் ஏறக்குறைய நிச்சயம், நடுவில் 3 என்பது 'இப்போது சொல்ல முடியாது'. உங்கள் ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அது டாக்டரின் மழுப்பல் இல்லை, நேர்மை.

3-ஐ 1 ஆகவோ 5 ஆகவோ மாற்றச் சில வழிகள் உண்டு. அந்த இடத்தை மட்டும் எம்ஆர்ஐ எடுக்கலாம். எலும்பு மஜ்ஜைக்குள் உண்மையாகவே கட்டி இருந்தால் அதில் நன்றாகத் தெரியும். மூன்று மாதம் கழித்து அதே டிரேசரில், முடிந்தால் அதே மெஷினில், மறுபடி எடுக்கலாம். நோய் என்றால் வளர்ந்திருக்கும், ஆறிய விரிசல் என்றால் மங்கியிருக்கும். சிகிச்சையே மாறிவிடும் அளவுக்கு முடிவு முக்கியமானால் ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்ப்பது, அதாவது பயாப்ஸி, கடைசிச் சொல். விலா எலும்பு மெல்லியது, பின்னாலேயே நுரையீரல் இருக்கிறது. அதனால் அங்கே ஊசி வைக்க டாக்டர்கள் தயங்குவது நியாயம்தான். சில சமயம் சிகிச்சையே பதில் சொல்லிவிடும். விலாவைத் தொடாமல் குழிக்கு மட்டும் ரேடியேஷன் கொடுத்து, பிஎஸ்ஏ இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், விலாவில் இருந்தது எதுவாக இருந்தாலும் பிஎஸ்ஏவை உண்டாக்கிய நோய் அல்ல.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது 'பரவிடுச்சா டாக்டர்?' என்பதைவிட 'இந்தப் புள்ளி புற்றுநோயாக இல்லாவிட்டால் சிகிச்சை என்னவாக இருக்கும்? அதை இன்னும் உறுதிசெய்ய வழி இருக்கிறதா?' என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும். யூராலஜி டாக்டர், ரேடியேஷன் டாக்டர், ஸ்கேன் படித்தவர் மூவரும் சேர்ந்து ஒரே படத்தைப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே வாராவாரம் கூட்டம் நடக்கும்; உங்கள் கேஸை அதில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

அப்புறம், பழைய படங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்கள் பதிந்த வட்டும் (டிஸ்க்) வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் நெஞ்சு வலி என்று ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் எடுத்த சிடி ஸ்கேன் அலமாரியில் எங்காவது கிடக்கும். அதே ஆறாவது விலாவில் அதே தழும்பு அன்றைக்கே இருந்திருந்தால், எம்ஆர்ஐயும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். படம் படிக்கும் டாக்டருக்கு உங்களால் கொடுக்க முடிந்த மிகப் பெரிய உதவி அதுதான்; ஸ்கேனுக்குப் போகும்போதே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.